எல்.ஆர்.ஈஸ்வரி எங்கே போயிருந்தார்?

2011 டிசம்பரில் 'ஒஸ்தி' படம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சிம்பு போலீஸ்காரராக நடித்த படம், இந்தி 'தபாங்'கின் தமிழ் வடிவம், தரணி இயக்கியது. படம் ஞாபகத்தில் இல்லாதவர்களுக்கும் அதில் வந்த 'கலாசலா' பாட்டு ஞாபகம் இருக்கும். எஸ்.தமன் இசையில் எல்.ஆர்.ஈஸ்வரியும் டி.ராஜேந்தரும் சோலார் சாயியும் பாடிய பாட்டு அது. "ஈஸ்வரி திரும்பி வந்துட்டாங்க" என்று அன்றைக்கு ஊரெல்லாம் ஒரே பேச்சு. இப்போது பேரப்பிள்ளைகள் இதையெல்லாம் 'கம்பேக்' என்கிறார்கள்.

அந்தத் 'திரும்பி வந்துட்டாங்க' என்ற சொல்லோடு எனக்கு அன்றே ஒரு வழக்கு உண்டு. எங்கே போயிருந்தார், திரும்பி வருவதற்கு? வழக்கைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பாட்டை நம்மவர்கள் வரவேற்ற விதத்தைப் பார்ப்போம்.

இளவட்டங்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஆத்தூர் பஸ் வரைக்கும் அந்தப் பாட்டுதான். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையின் தோழர்கள் ஆட ஆரம்பித்தால் முதலில் அதைத்தான் போடச் சொன்னார்கள். பாடியவருக்கு எழுபத்திரண்டு வயது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தபோது கை தட்டினார்கள். சிக்கல் எல்லாம் நம் வயதுக்காரர்களிடம்தான். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "இந்த வயசுல அந்தம்மாவுக்கு இது தேவைங்களா? மல்லிகா ஷெராவத் ஆடுற ஆட்டத்துக்குப் பாடணுமா? சாமி பாட்டு பாடிக்கிட்டு மரியாதையா இருக்கலாமில்ல?"

நான் ஒன்று கேட்டேன். "பாட்டை எழுதினவர் யாருங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் வாலி. ஈஸ்வரி 1939-இல் பிறந்தவர், வாலி 1931-இல் பிறந்தவர். பாடியவருக்கு 72 என்றால் எழுதியவருக்கு 80. வாலி எண்பது வயதில் இப்படி எழுதினால் 'வாலிபக் கவிஞர்' என்று தாம்பூலத் தட்டில் வைத்துப் பட்டம் கொடுத்தோம். அதே வரியை எட்டு வயது இளையவர் பாடினால் 'இந்த வயசுல தேவையா'. வாலியின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, நான் அவருடைய பெரிய ரசிகன். குறை நம் காதின் மேல்தான். அதற்கு முந்தைய வருடம், 2010-இல், செம்மொழி மாநாட்டுப் பாட்டில் எண்பதைத் தாண்டிய டி.எம்.எஸ்.ஸின் குரலைக் கேட்டு, "சிங்கம் கிழமானாலும் சிங்கம்தான்" என்று கண் கலங்கியதும் இதே நடைப்பயிற்சிக் கூட்டம்தான். அது மொழி வாழ்த்து, இது ஆட்டப் பாட்டு என்று ஒருவர் பிரித்துக் காட்டினார். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் எழுதிய வாலிக்கு அந்தக் கணக்கு ஏன் பொருந்தவில்லை? அதற்குப் பதில் வரவில்லை. பேச்சு சர்க்கரை மாத்திரைக்குப் போய்விட்டது.

வெளிநாட்டிலும் கிழவர்கள் திரும்பி வருகிறார்கள். லண்டன் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் பதினெட்டு வருடம் கழித்து 2023-இல் தங்கள் சொந்தப் பாட்டுகளோடு புதிய ஆல்பம் வெளியிட்டது. அதற்கு முன்னோட்டமாக ஒரு பாட்டு வந்தது. பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 80 வயது. என் பேரன் அதன் வீடியோவைக் காட்டினான். மனிதர் இன்னும் இடுப்பை ஆட்டிக்கொண்டுதான் பாடுகிறார். அங்கேயும் கேலி செய்கிறவர்கள் உண்டு என்றான். ஆனாலும் யாரும் அவரைச் சர்ச்சில் போய்ப் பாடச் சொல்லவில்லை.

ஈஸ்வரிக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தம் உண்டு. பலருக்கு இது தெரியாது. அவர் பிறந்தது கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்தில். லூர்து மேரி என்பது அவருடைய பெயரில் ஒரு பகுதி, அந்த எல் அதிலிருந்து வந்ததுதான். தாயார் ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கோரஸில் நின்றவர். 1958-இல் கே.வி.மகாதேவன் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் தனிப் பாட்டு கொடுத்தார். 1961-இல் 'பாசமலர்'. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் மணப்பெண்ணைத் தோழியர் அழைக்கும் அந்தப் பாட்டைச் சொல்லவே வேண்டாம். இன்றைக்கும் நம் பக்கத்து மண்டபங்களில் பெண் அழைப்பின்போது அதைப் போடாமல் இருப்பதில்லை. அதைப் பாடியவரும் 'கலாசலா' பாடியவரும் ஒருவரே என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஆடும் பிள்ளைகளில் பாதிப் பேர் அறியமாட்டார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு ஈஸ்வரியிடம் தனி உரிமை இருக்கிறது. நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர்.சுந்தரத்துக்குப் பிறகு அவருடைய மகன் ராமசுந்தரம் காலத்தில், ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. வேதா இசை. 1966-இல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் பளிங்கு மாளிகைப் பாட்டு ஒன்று வருமே, அது ஈஸ்வரி பாடியது. அந்தப் பாட்டு வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். நம் சமவெளியில் கிடாரும் டிரம்ஸும் சாக்ஸபோனும் முதலில் எங்கள் காதில் விழுந்தது இந்த மாதிரிப் பாட்டுகளில்தான். ராக் என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பீட்டில்ஸ் என்று ஒரு கூட்டம் இருப்பதும் தெரியாது. அவர்களுடைய தாளத்துக்கு ஒன்றுவிட்ட தங்கையை ஏற்காடு சாலைக் கம்பெனி தயாரித்து எங்களுக்கு அனுப்பியது. இப்போது அந்தச் சாலையில் வளைவு மட்டும் நிற்கிறது. அதைக் கடக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஈஸ்வரியின் குரல். சுந்தரம் எடுத்த பெரிய படங்கள் அதற்குப் பிறகுதான்.

1967-இல் 'அனுபவி ராஜா அனுபவி', 1968-இல் 'பணமா பாசமா', 1969-இல் 'சிவந்த மண்'. எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவர்தான். 'பணமா பாசமா'வின் எலந்தப் பழப் பாட்டை அன்று பாடாத வாய் கிடையாது. அதேநேரம் அந்தப் பாட்டைப் பாடும் பெண்ணைச் சும்மா விட்ட ஊரும் கிடையாது.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். எழுபதுகளில் சேலம் மெல்லிசைக் குழு ஒன்றில் ஈஸ்வரி பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த பெண். அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். அந்தக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு பெண் குரல் இருக்கும். ஒருவர் 'சுசீலா பாட்டு' பாடுவார், இன்னொருவர் 'ஈஸ்வரி பாட்டு' பாடுவார். சுசீலா பாட்டு பாடுகிறவருக்குக் கச்சேரி முடிந்ததும் மேடைக்கு வந்து ஊர்ப் பெண்கள் பூ கொடுப்பார்கள். ஈஸ்வரி பாட்டு பாடுகிறவருக்குக் கூட்டத்தின் பின்னாலிருந்து விசில் வரும், சமயத்தில் சில்லறைக் காசு வந்து விழும். நள்ளிரவு தாண்டி 'ஒன்ஸ்மோர்' கேட்கிறவர்கள் எல்லாம் ஈஸ்வரி பாட்டைத்தான் கேட்பார்கள். குழுவுக்கு அடுத்த கச்சேரி கிடைப்பது அவரால்தான். ஆனால் தெருவில் அவர் நடந்து போனால் 'எலந்தப் பழம் போகுது' என்பார்கள். கல்யாணப் பேச்சு வந்ததும் பாட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட முதல் நிபந்தனையே அதுதான். அப்புறம் நாற்பது வருடம் அவர் பாடி யாரும் கேட்டதில்லை, தையல் மிஷின் சத்தம்தான்.

2012 தை மாதம், எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். மண்டபத்தில் 'கலாசலா' ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேனுங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "மூச்சு முன்ன மாதிரி இல்லீங்க. ரெண்டு எடத்துல வாங்குறாங்க. ஆனா அந்தச் சிரிப்பு அப்படியே இருக்குது பாருங்க, அத யாராலயும் செய்ய முடியாதுங்க" என்றார். 'இந்த வயசுல தேவையா' என்று கேட்டவர்களும் கை தட்டியவர்களும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். பாட்டைப் பாட்டாகக் கேட்டு விமர்சனம் சொன்னவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவர் சொன்னது சரி. குரல் தடித்திருந்தது. மேலே போகும்போது பழைய வழுக்கல் இல்லை. ஆனால் ஈஸ்வரியின் பலம் எப்போதுமே குரல் இனிமையில் இருந்ததில்லை, குரலில் நடிப்பதில் இருந்தது. ஒரு எழுத்தை நசுக்கி, ஒன்றை இழுத்து, நடுவில் ஒரு சின்ன மூச்சை விட்டு, வார்த்தைக்குள் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார். அது வயதானால் போகாது. சமையல் கைமணம் போல. தமனுக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை. அந்த இளைஞருக்கு இது புரிந்திருந்தது என்பதால் அவருக்கு ஒரு கும்பிடு.

அப்படியானால் ஏன் அவரை இத்தனை வருடம் கூப்பிடவில்லை? 1976-இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா காலம் தொடங்கியதும் எஸ்.ஜானகி எல்லா வகைப் பாட்டையும் ஒரே குரலில் செய்து காட்டினார். தாலாட்டும் அவர்தான், தாளம் போட வைக்கும் பாட்டும் அவர்தான். படத்தில் கிளப் நடனத்துக்கென்று தனியாக ஒரு நடிகை வருவதும் குறைந்தது, கதாநாயகியே எல்லாம் ஆடினார். தனி நடிகை போனதும் தனிக் குரலும் போனது. இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை, காலம் மாறியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1972-இல் 'வெள்ளி விழா'வில் வி.குமார் இசையில் காதோடு பேசுகிற மாதிரி மெல்லப் பாடியவர் அவர். 1974-இல் 'அவள் ஒரு தொடர்கதை'யில் உலகத்தைப் பற்றிய விரக்தியை எல்லாம் பாடியவர் அவர். அந்த ஈஸ்வரியை யாரும் தேடவே இல்லை. தேடாதவர்கள்தான் முப்பது நாற்பது வருடம் கழித்து 'திரும்பி வந்துட்டாங்க' என்றார்கள்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ராசிபுரம், வெண்ணந்தூர், ஆண்டகளூர்கேட், சேந்தமங்கலம் என்று சுற்றியதில் ஒவ்வொரு வருடமும் கோயில் நோன்பிக்குத் தற்காலிக இணைப்பு கொடுக்கும் வேலை எங்கள் தலையில்தான் விழும். பூச்சாட்டு அன்றைக்குப் போய்க் கம்பத்தில் ஏறினால் அதற்கு முன்பே ரேடியோ செட்காரர் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டுக் கரண்டுக்காகக் காத்திருப்பார். இணைப்பைக் கொடுத்துவிட்டுக் கையைக் காட்டுவோம். முதலில் 'விநாயகனே'. அது சீர்காழி. இரண்டாவது ஈஸ்வரி. செல்லாத்தா பாட்டோ, கற்பூர நாயகிப் பாட்டோ, ஏதாவது ஒன்று. முப்பத்தைந்து வருடச் சர்வீஸில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. இசைத்தட்டு போய்க் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. வந்தது, இப்போது பென்டிரைவ். வரிசை அதேதான்.

ஆடி பிறந்தால் சேலத்தில் கோட்டை மாரியம்மனில் தொடங்கி அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம் வரை எங்கே நின்றாலும் அவர் குரல். குகையில் வண்டி வேடிக்கை அன்று சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் அசையாமல் நிற்க, குழாயில் ஈஸ்வரி. ஆடி முடிந்துவிட்டதே என்றால், ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மனுக்கு ஐப்பசியில் திருவிழா. மற்ற ஊர்களில் திருவிழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள், அங்கே கம்பம் வருடம் முழுக்க நிற்கும், அதனால்தான் அம்மனுக்கு அந்தப் பெயர். தை, மாசி, பங்குனி என்று நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள் முறை வைத்துக் கொண்டாடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வருடத்தில் ஏதாவது ஒரு மாதம் கூட நம் சமவெளி அவர் குரலைக் கேட்காமல் இருந்ததில்லை. அவர் சினிமாவுக்கு வெளியே இருந்த வருடங்களில்தான் அதிகமாகக் கேட்டோம். தீச்சட்டி ஏந்தி வருகிற பெண்ணுக்கு அருள் இறங்குவது பல ஊர்களில் அவர் அந்த 'ஆத்தா'வை இழுக்கிற இடத்தில்தான். இது கேலி இல்லை, கம்பத்தின் மேலிருந்து நான் பார்த்தது. லூர்து மேரியின் பிள்ளை மாரியாத்தாளைக் கூப்பிட, ஆத்தாள் வந்தாள். யாரும் சாதி மதம் கேட்கவில்லை.

அப்படியிருக்க, அவர் எங்கே போனார்? சினிமாதான் போயிருந்தது. 2011-இல் சினிமாதான் திரும்பி வந்தது, அவரிடம்.

வேடிக்கை என்னவென்றால், திரும்பி வந்த சினிமா அவரைப் பழைய பெட்டியிலேயே போட்டது. கலாசலா கிளப் பாட்டு. அடுத்து பெரிதாகப் பேசப்பட்டது 2020 தீபாவளிக்கு வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தின் ஆடிக் கூத்துப் பாட்டு. அது அம்மன் பாட்டு. ஒன்று கிளப், இல்லையென்றால் கோயில். நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்க இருக்கிறதே, அதைப் பாட அவரை ஏன் கூப்பிடவில்லை? எண்பது வயதுக் குரலில் ஒரு பாட்டி பாடுகிற பாட்டு, ஒரு விதவை பாடுகிற பாட்டு, ஊரைப் பார்த்துக் கோபப்படுகிற பாட்டு. என் நடைப்பயிற்சி நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான். அவர் ஆட்டப் பாட்டுக்குப் பாடியதில் எனக்குக் குறை இல்லை. ஆட்டப் பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டதில்தான் குறை.

இதற்கிடையில் உலகம் வேறு பக்கம் போய்விட்டது. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழு ஒரு பாட்டு வெளியிட்டது. 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனான் எழுபதுகளில் வீட்டில் கேசட்டில் பாடி வைத்த ஒன்று. தொண்ணூறுகளில் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்து, இரைச்சல் தாங்காமல் விட்டுவிட்டார்கள். அதற்குள் ஜார்ஜ் ஹாரிசனும் 2001-இல் போய்விட்டார். இப்போது கம்ப்யூட்டர் அந்தக் குரலைப் பியானோவிலிருந்து உரித்து எடுத்துக் கொடுத்தது. மிச்சம் இருந்த இருவரும், இருவருக்கும் எண்பதுக்கு மேல், சேர்ந்து முடித்தார்கள். பிரிட்டனில் அது முதலிடம் போனது. 1969-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

நம் ஊரிலும் நடந்தது. 2024-இல் ஏ.ஆர்.ரஹ்மான் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருடம் 'வேட்டையன்' படத்தில் அனிருத், 2011-இல் காலமான மலேசியா வாசுதேவனைப் பாட வைத்தார், மகன் யுகேந்திரனும் சேர்ந்து பாடினார். நானும் கேட்டேன். ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். லெனான் விஷயத்தில் அவர் பாடியதைத்தான் சுத்தம் செய்தார்கள். இங்கே அவர் பாடாததைப் பாட வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. வாசுதேவன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டில் ஒரு குறும்பு செய்திருப்பார். எந்த இடத்தில் செய்திருப்பார் என்று மிஷினுக்குத் தெரியாது, அவருக்கே மைக் முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஈஸ்வரியை மைக் முன்னால் நிறுத்தியதில் 'கலாசலா'வுக்கு அந்த ஒரு பெருமை உண்டு. அந்த இரண்டு இடத்து மூச்சு வாங்கல் உண்மையான மூச்சு. எழுபத்திரண்டு வயது நுரையீரல் அது. பழைய குரலை வைத்து இளமையான ஈஸ்வரியை மிஷினில் செய்யும் வசதி இன்று இருக்கிறது. எவராவது ஒருநாள் செய்யவும் செய்வார்கள். அப்போதும் 'திரும்பி வந்துட்டாங்க' என்று எழுதுவார்கள்.

அந்தத் தையல்காரம்மா இப்போது பேத்திகளுக்கு வீட்டுக்குள் பாடிக் காட்டுகிறாராம். போன ஆடியில் அவர்கள் தெருக் கோயிலில் கூழ் ஊற்றும்போது ரேடியோ செட் பழுதாகிவிட, பெண்கள் கேட்டுக்கொண்டதால் மைக் இல்லாமல் இரண்டு பாட்டுப் பாடினாராம். செல்லாத்தா பாட்டு ஒன்று. இன்னொன்று என்ன என்று கேட்டேன். "போங்க நீங்க" என்று சிரித்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.